நெய்வேலிக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் கார்

எந்த வண்டி வாங்கலாம்? – 9

விருத்தாசலத்தில் மின்சாரக் கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் எதிரே வரும் கேள்வி இது: "உங்க வண்டியில புகை வராது, சரி. நெய்வேலியில வருதே?"

நியாயமான கேள்வி. இந்த ஊர்ப் பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் தந்த நெய்வேலி மண்ணில்தான் பழுப்பு நிலக்கரியும் கிடக்கிறது. அதை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். ஒரு யூனிட்டில் கார் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். நெய்வேலி மின்சாரம் மட்டுமே நம் வீட்டுக்கு வருகிறது என்றால், பெட்ரோல் காரே மேல் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஆனால் அப்படி வருவதில்லை. காற்றாலை, சூரிய ஒளி, அணு, நீர் எல்லாம் கலந்த மின்தொகுப்பிலிருந்துதான் வருகிறது. நாட்டின் சராசரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 110 கிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 150 கிராம். பெட்ரோல் எஞ்சினோடு, தனியாகவும் வண்டியை ஓட்டக்கூடிய மோட்டாரும் உள்ள ஸ்ட்ராங் ஹைபிரிட் லிட்டருக்கு 22 தரும்; அதற்கு 105.

ஆக, இன்றைய கணக்கில் ஹைபிரிடும் மின்சாரக் காரும் தோளோடு தோள் நிற்கின்றன. பெரிய பேட்டரியைத் தயாரிக்க ஆகும் கார்பனையும் சேர்த்தால் ஹைபிரிட் ஒரு படி முன்னே. ஆனால் இன்று வாங்கும் ஹைபிரிட் பத்து வருஷம் கழித்தும் அதே 105 கிராமில்தான் ஓடும். மின்தொகுப்பில் சூரிய ஒளியும் காற்றும் கூடக் கூட மின்சாரக் காரின் கணக்கு தானாகவே இறங்கும். மொட்டைமாடியில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றுகிறவருக்கு இன்றைக்கே இறங்கிவிட்டது.

இன்னொன்று, சூளை தெரிந்த ஊருக்குச் சட்டென்று புரியும். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் ஒன்று இருக்கிறது. கார்டியரைட் என்ற பீங்கான். மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. நச்சுப் புகையை அடக்குவது இதன் வேலை. ஆனால் 250, 300 டிகிரி ஏறும்வரை இது சரியாக வேலை செய்யாது. ஜங்ஷன் ரோட்டிலிருந்து பாலக்கரைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் அது சூடேறுவதற்குள் வீடே வந்துவிடும். ஊருக்குள் சுற்றும் பெட்ரோல் வண்டியின் பெரிய குறை இதுதான். எஞ்சின் அணைந்து அணைந்து எரியும் ஹைபிரிடுக்கும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு.

செலவுக்கு வருவோம். பெட்ரோல் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்று வையுங்கள். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காரில் ஆறே முக்கால் ரூபாய், ஹைபிரிடில் நாலரை, மின்சாரக் காரில் ஒன்றரை. வரியும் ஹைபிரிடுக்குப் பாதகம்: 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட ஹைபிரிடுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5.

வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற இடம் இருந்து, ஓட்டம் பெரும்பாலும் நெய்வேலி, கடலூர் வரைதான் என்றால் மின்சாரக் காரையே வாங்குங்கள். வீட்டுக்கு ஒரே கார், மாதம் பல முறை சென்னை போய்வர வேண்டும், வாடகை வீட்டில் சார்ஜருக்கு வழியில்லை என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட். கடையில் "மைல்டு ஹைபிரிட்" என்று காட்டினால் மயங்காதீர்கள். அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை ஓட்டாது. அதைப் பெட்ரோல் காராகவே கணக்கில் வையுங்கள்.

(அடுத்த வாரம்: பழைய பேட்டரி எங்கே போகிறது?)