பிள்ளையின் உண்டியலும் யோசேப்பின் களஞ்சியமும்



புதுநன்மை விழா முடிந்த மாலை நேரம். பந்தலைப் பிரித்தாகிவிட்டது. உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வெள்ளை உடையைக்கூட மாற்றாத பிள்ளை தாயிடம் கேட்கிறது: "அம்மா, எனக்குக் கொடுத்த கவர் எல்லாம் எங்கே?" "அப்பா வச்சிருக்காரு, நீ போய்த் தூங்கு" என்று பதில் வருகிறது. அதற்குள் அந்தப் பணம் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் போய்விட்டது. சில நாள் கழித்து அதே பிள்ளையிடம், "காசைக் கண்டபடி செலவழிக்காதே, சேர்த்து வைக்கப் பழகு" என்கிறோம். தன் கைக்கு வந்தது காணாமல் போனதைப் பார்த்த பிள்ளைக்கு, சேர்த்து வைப்பதில் எப்படி நம்பிக்கை வரும்?

யாரையும் குறை சொல்ல இதைக் கூறவில்லை. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று பெரியவர்களாகிய நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பதே பணத்தைப் பற்றிய முதல் பாடம். மொய் நோட்டைப் பிள்ளையின் முன்னால் விரித்து வைப்போம். "மாமா 500 ரூபாய் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும். பாட்டி தந்த 200 ரூபாய் உனக்கென்றே தந்தது. இது உன்னுடையது" என்று சொல்வோம். எது கடன், எது செலவு, எது தனக்குச் சொந்தம் என்று பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.

சேமிப்பைப் பற்றித் திருவிவிலியம் நம் முன் இரண்டு களஞ்சியங்களை வைக்கிறது. ஒன்று, தொடக்கநூல் 41ஆம் அதிகாரத்தில் வரும் யோசேப்பின் களஞ்சியம். வளமான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்குமாறு அவர் பார்வோனுக்கு வழி சொன்னார். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்கள் திறக்கப்பட்டன. எகிப்தியர் பிழைத்தார்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களும் அந்தத் தானியத்தால்தான் பிழைத்தார்கள். மற்றொன்று, லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வனின் களஞ்சியம். அவனும் சேர்த்தான், இடித்துப் பெரிதாகக் கட்டவும் திட்டமிட்டான். ஆனால் அவன் பேச்சு முழுவதும் தன்னைப் பற்றியே இருந்தது. அதில் மனைவி மக்களுக்கோ, வேலையாளுக்கோ, அண்டை வீட்டாருக்கோ இடமே இல்லை.

இரண்டிலும் இருந்தது ஒரே தானியம்தான். ஒன்று சேமிப்பாயிற்று, மற்றொன்று பேராசையாயிற்று. எவ்வளவு சேர்த்தோம் என்பதைவிட, யாருக்காக, எதற்காகச் சேர்த்தோம் என்பதே இரண்டையும் பிரிக்கிறது. பிள்ளையின் உண்டியலுக்கும் இது பொருந்தும்.

இதை வீட்டில் எப்படிப் பழக்குவது? கேட்டபோதெல்லாம் காசு கொடுப்பதை விட்டு, வாரம் ஒரு நாள், நம் சக்திக்கேற்ப ஒரு தொகை கொடுப்போம். 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யோசேப்பின் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 ரூபாய், சேமிப்புக்கு. 2 ரூபாய் பிறருக்கு. மீதி 14 ரூபாயைப் பிள்ளை தன் விருப்பப்படி செலவழிக்கட்டும். திங்கட்கிழமையே எல்லாவற்றையும் மிட்டாயில் கரைத்துவிட்டு வியாழக்கிழமை வந்து நின்றால், மறுபடி கொடுக்க வேண்டாம். நமக்கு மனம் கேட்காதுதான். ஆனால் 14 ரூபாயில் இன்று செய்யும் தவறு, நாளை 14,000 ரூபாயில் செய்யாமல் காக்கும்.

சிறு பிள்ளைக்குச் சிறு இலக்கே போதும். நான்கு வாரத்தில் 16 ரூபாய் சேர்ந்தால், ஆசைப்பட்ட பேனாவை அதன் கையாலேயே வாங்கட்டும். காத்திருந்தால் கிடைக்கும் என்பதை அந்தப் பேனா கற்றுக்கொடுக்கும். அவசரத்துக்கு உண்டியலிலிருந்து நாம் எடுக்க நேரலாம். கஷ்டப்படும் வீட்டில் இது நடப்பதுதான். அப்போது பிள்ளையிடம் கேட்டு எடுப்போம், எழுதி வைப்போம், சிறுகச் சிறுகவாவது திருப்பிப் போடுவோம். பெற்றோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதைப் பார்க்கும் பிள்ளை, கடனை அடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்கிறது.

நம்மில் பலர் பள்ளியில் சஞ்சயிகா சிறுசேமிப்பில் காசு போட்டு வளர்ந்தவர்கள். இன்று 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கித் தானே நடத்த, 2014இல் இந்திய ரிசர்வ் வங்கி வழிசெய்திருக்கிறது. அஞ்சலகத்திலும் இது முடியும். 10 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். மகளுக்குச் சேமிப்பது என்றாலே திருமணத்துக்குத்தான் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கணக்கிலிருந்து மேற்படிப்புக்கும் பணம் எடுக்கலாம்.

குருவானவர்களாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தவக்கால உண்டியலில் அதிகம் சேர்த்த பிள்ளைக்குப் பரிசு கொடுத்து வந்தோம். முந்தின இரவு தகப்பனார் 500 ரூபாய் நோட்டை மடித்துப் போட்ட பெட்டிக்கே பரிசு போனது. நாற்பது நாளும் மிட்டாய்க் காசை மிச்சம்பிடித்த பிள்ளை கடைசி வரிசையில் நின்றது. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கண்டுகொண்ட ஆண்டவர், அந்தக் கடைசி வரிசையையே பார்த்திருப்பார். இனி நம் பங்கில் அந்தப் பரிசு இல்லை. பெட்டியில் இருப்பது பிள்ளை தானே சேர்த்ததாக இருக்கட்டும். 40 ரூபாயானாலும் போதும்.

இன்று மாலை செபமாலை முடிந்ததும் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "நீ எதற்காகச் சேர்க்க ஆசைப்படுகிறாய்? அதில் யாருக்குக் கொடுப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். யோசேப்பின் களஞ்சியம்போல் நம் பிள்ளைகளின் கைகளும் தேவையில் இருப்போருக்குத் திறக்கும் கைகளாக வளர, இறைவன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.