ஈவுத்தொகை வழங்காத முதலீட்டுக் கம்பெனிகள்

ஒரு முதலீட்டுக் கம்பெனியின் சொத்து மதிப்பு பல மடங்கு பெருகியுள்ளது. ஆயினும் பங்குதாரருக்கு ஈவுத்தொகையாக ஒரு காசும் வருவதில்லை. பிரிட்டனில் தொழில்நுட்பப் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் முதலீட்டு டிரஸ்டுகள் சில நெடுங்காலம் இவ்வாறே நடந்து வந்திருக்கின்றன. இன்று போலார் கேப்பிட்டல், அல்லயன்ஸ் என்னும் பெயர்களைத் தாங்கி நிற்கும் இரு டெக்னாலஜி டிரஸ்டுகள் இதற்குச் சான்று. இரண்டும் 1990-களின் நடுவில் தோன்றியவை.

அந்நாட்டுச் சட்டப்படி, வரிச்சலுகை பெறும் டிரஸ்ட் தன் வருமானத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நிறுத்தி வைத்துக்கொள்ளலாகாது. அவ்வாறாயின் இவை சட்டத்தை மீறுகின்றனவா? இல்லை. விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

டிரஸ்டின் கணக்கு வருவாய், மூலதனம் என இரு பத்திகளாக எழுதப்படுகிறது. வைத்திருக்கும் பங்குகள் தரும் ஈவு வருவாயில் சேரும். பங்குகளின் விலையேற்றமோ மூலதனத்தில் சேரும். தொழில்நுட்பக் கம்பெனிகள் இலாபத்தை ஆராய்ச்சியிலும் விரிவாக்கத்திலும் மீண்டும் இடுவனவாதலால், அவை தரும் ஈவு மிகக் குறைவு. மைக்ரோசாஃப்ட் 1986-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. முதல் ஈவுத்தொகையை 2003-இல்தான் அளித்தது. கூகிளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட் 2024 வரை எதுவும் அளிக்கவில்லை.

100 கோடி ரூபாய் முதலீடு உள்ள ஒரு டிரஸ்டுக்கு அரை விழுக்காடு, அதாவது 50 லட்சம் ரூபாய், ஈவாக வருகிறது எனக் கொள்வோம். நிர்வாகக் கட்டணம் 80 லட்சம். கட்டணம் முழுவதும் வருவாய்ப் பத்தியில் எழுதப்பட்டால் 30 லட்சம் பற்றாக்குறை. முதலீட்டின் மதிப்பு அதே ஆண்டில் 20 கோடி உயர்ந்திருந்தாலும் இப்பற்றாக்குறை நீங்குவதில்லை. ஆண்டுதோறும் அது சேர்ந்துகொண்டே போகிறது. பங்கிட வேண்டிய வருமானம் என ஒன்று எஞ்சுவதே இல்லை.

மூலதன இலாபத்தைப் பங்கிட 2012 முதல் பிரிட்டிஷ் சட்டம் இடமளிக்கிறது. எனினும் வளர்ச்சியையே குறிக்கோளாகக் கொண்ட டிரஸ்டுகள் அதைப் பயன்படுத்தத் தயங்குகின்றன. ஈவு வழங்குவதற்காக நல்ல பங்குகளை விற்பது அவற்றின் நோக்கத்திற்கு முரணாகும் என்பது அவற்றின் வாதம்; அதில் நியாயமும் உண்டு.

ஆனால் ஓய்வூதியம் போல் ஆண்டு வருமானத்தை எதிர்பார்ப்பவர் என்ன செய்வார்? பணம் தேவைப்படும்போது சில பங்குகளை விற்றுக்கொள்ளலாம் என்பது வழக்கமான பதில். அது முழுவதும் சரியன்று. டிரஸ்டின் பங்கு, அதன் சொத்து மதிப்பைவிடக் குறைந்த விலையில் சந்தையில் விலைபோவது சாதாரணம். 100 பெறுமானமுள்ளதை 90-க்கு விற்க நேர்ந்தால், இழப்பு விற்பவருடையதே. இவ்விடைவெளியைக் குறைக்கவே டிரஸ்டுகள் தம் பங்குகளைத் தாமே திரும்ப வாங்குகின்றன.

ஈவு வருவதாலேயே அது வருமானம் ஆகிவிடாது என்பதும் உண்மை. இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டுகள் 'டிவிடெண்ட்' என்னும் பெயரில் வழங்கி வந்த தொகையில் முதலீட்டாளரின் சொந்த மூலதனமும் கலந்திருக்கக்கூடும். ஆகவே 2021 ஏப்ரல் முதல் அப்பெயரை செபி மாற்றியது. வருமானப் பங்கீடும் மூலதனம் திரும்ப எடுப்பதும் சேர்ந்த திட்டம் என்று அதை இப்போது வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.