உடம்பு நல்லா இருக்கும்போதே மருந்து எதற்கு?

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய சொவெட்டோ பகுதியில் 2008-09இல் ஓர் ஆய்வு நடந்தது. பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று உறுதியாகி, உடனே சிகிச்சை தொடங்கியாக வேண்டிய நிலையில் இருந்த 743 பேரை மருந்து வாங்கிக்கொள்ள அனுப்பினார்கள். ஐந்தில் ஒருவர் போக மறுத்தார். இரண்டு மாதம் ஆலோசனை சொல்லிப் பார்த்தும், மறுத்தவர்களில் பெரும்பாலோர் மனம் மாறவில்லை. ஏன் என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன காரணம்: “நான் நன்றாகத்தானே இருக்கிறேன்.”

உண்மையில் அவர்கள் நன்றாக இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். உடலின் எதிர்ப்புப் படையை வழிநடத்துபவை இவைதான். மறுத்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் நடுமதிப்பு வெறும் 110. சம்மதித்தவர்களைவிட அவர்களிடம் காசநோயும் அதிகமாக இருந்தது. இருந்தும், நடமாட முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது என்பதால், தமக்கு மருந்து தேவையில்லை என்று நம்பினார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அறியாமை’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ‘உடம்பு கெட்ட பிறகு மருந்து எடுத்தால் போதும்’ என்ற எண்ணம் நோயாளிகள் தாமாகக் கற்பித்துக்கொண்டது அல்ல. பல ஆண்டுகள் மருத்துவ உலகமே அவர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்தது.

மாறிக்கொண்டே வந்த அறிவுரை

எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனி மருந்தை வைரஸ் சீக்கிரமே ஏமாற்றிவிட்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்க முடியும் என்பது 1996இல் உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டே, ‘சீக்கிரம் அடி, பலமாக அடி’ என்ற வாதத்தை டேவிட் ஹோ என்ற ஆய்வாளர் முன்வைத்திருந்தார். சில ஆண்டுகள் அந்த உற்சாகம் நீடித்தது.

பிறகு பக்கவிளைவுகள் தலைகாட்டின. ஸ்டாவுடின் மருந்து கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து, முகத்தை ஒட்டிப்போகச் செய்தது. பாதங்களில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் தந்தது. ஏ.இசட்.டி. சிலருக்கு ரத்தசோகையை உண்டாக்கியது. நெவிரபின் சிலரின் கல்லீரலைத் தாக்கியது. ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரைகள் விழுங்க வேண்டியிருந்தது. ஆகவே 2000களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பின்வாங்கினார்கள். சி.டி.4 எண்ணிக்கை 200ஐ நெருங்கும்வரை காத்திருக்கலாம் என்பது ஏழை நாடுகளில் நடைமுறையானது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட 8 இடங்களில் அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோதும் இதே வரம்புதான் இருந்தது.

அந்தக் காலத்தில் சி.டி.4 பரிசோதனை முடிவை வாங்க வந்தவருக்கு, ‘கவுண்ட் நல்லா இருக்கு, இப்போ மாத்திரை வேண்டாம்’ என்பதே நல்ல செய்தி. மாத்திரை தொடங்குகிறோம் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அந்த அச்சம் நோயாளிகளின் மனதில் ஆழமாகப் பதிந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்துபோனதைப் பார்த்தவர், ‘மருந்துதான் ஆளைக் கொன்றது’ என்று முடிவுகட்டினார். மிகவும் தாமதமாகத் தொடங்கியதே அந்தச் சாவுக்குக் காரணம் என்பதை விளக்கிச் சொல்ல அங்கே ஆளில்லை.

உலக சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 2010இல் 350 ஆகவும், 2013இல் 500 ஆகவும் உயர்த்தியது. 2015இல் வரம்பையே எடுத்துவிட்டது. தொற்று உறுதியான எல்லோருக்கும் எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை என்ற இந்தக் கொள்கையை 2017இல் இந்தியாவும் ஏற்றது.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

மருத்துவ உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டதற்கு, வைரஸைப் பற்றிய புரிதல் மாறியது முதல் காரணம். அறிகுறி எதுவும் இல்லாத ஆண்டுகளில் எச்.ஐ.வி. உறங்கிக் கிடக்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அது தவறு என்று 1990களின் நடுவில் செய்த கணக்கீடுகள் காட்டின. சிகிச்சை இல்லாத ஒருவரின் உடலில் ஒவ்வொரு நாளும் சராசரியாக 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன. சி.டி.4 அணுக்கள் அன்றாடம் அழிகின்றன. உடலும் விடாமல் புதியவற்றை உருவாக்குகிறது. இரவும் பகலும் இறைத்தாலும் ஊற்று ஈடுகொடுக்கும்வரை கிணற்றின் நீர்மட்டம் குறைவதில்லை. மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு மோட்டார் ஓடுவதே தெரியாது. ஊற்று ஓய்ந்துபோகும்போதுதான் தரை தெரியும். சிகிச்சை இல்லையென்றால் அந்த நிலைக்கு வர சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன.

அதற்குள் வேறு சேதங்களும் நடந்துவிடுகின்றன. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே, குடலின் சுவரை ஒட்டியிருக்கும் சி.டி.4 அணுக்களில் பெரும்பகுதியை வைரஸ் அழித்துவிடுகிறது. அந்தக் காவல் குலைந்ததும் குடல் கிருமிகளின் கூறுகள் ரத்தத்தில் கசிகின்றன. அதனால் உடல் முழுவதும் ஓயாத அழற்சி நிலவுகிறது. ரத்தக் குழாய், சிறுநீரகம், கல்லீரல் என்று அது எல்லாவற்றையும் மெல்லத் தேய்க்கிறது. இவற்றில் எதுவும் நோயாளிக்கு வலியாகத் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம், பெரிய மருத்துவப் பரிசோதனைகள். எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மீண்டும் கொடுத்தால் பக்கவிளைவைக் குறைக்கலாமா என்று ‘ஸ்மார்ட்’ என்ற ஆய்வு 5,472 பேரிடம் சோதித்தது. மருந்தை நிறுத்தியவர்களிடம் நோயும் சாவும் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்ததால் 2006இல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. வியப்பு என்னவென்றால், மருந்தால் வரும் என்று பயந்த இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் மருந்தை நிறுத்தியவர்களிடமே கூடுதலாக இருந்தன.

கேள்விக்கு நேரடி விடை தந்தது ‘ஸ்டார்ட்’ ஆய்வு. இதில் 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் சி.டி.4 500க்கு மேல். பாதிப்பேருக்கு உடனே மருந்து. மீதிப்பேருக்கு எண்ணிக்கை 350க்கு இறங்கிய பிறகு. சராசரியாக 3 ஆண்டுகள் கண்காணித்தபோது, உடனே தொடங்கியவர்களில் 42 பேரும், காத்திருந்தவர்களில் 96 பேரும் கடும் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளாகியிருந்தார்கள். அபாயம் 57 சதவீதம் குறைந்திருந்தது. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: அந்தப் பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், சி.டி.4 500க்கு மேல் இருந்தபோதே நேர்ந்தவை. ‘கவுண்ட் நல்லா இருக்கு’ என்ற ஆறுதலுக்கு 2015இல் வெளியான இந்த ஆய்வு முற்றுப்புள்ளி வைத்தது.

சென்னையும் பங்கேற்ற ஆய்வு

காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து ஆட்டிப்படைத்த மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவுவாரில் நடந்த ‘டெம்ப்ரானோ’ ஆய்வும் இதே முடிவைத்தான் தந்தது. ஆனால் நோயாளிகளின் மனதை அதிகம் தொட்டது வேறோர் ஆய்வு. இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 இணையர்களை 9 நாடுகளில் சேர்த்து நடத்திய அதன் பெயர் ‘எச்.பி.டி.என். 052’. இந்தியாவில் புணேயும் சென்னையும் அதில் பங்கேற்றன. சென்னை மையத்தை நடத்தியது ஒய்.ஆர்.ஜி. கேர். 1986இல் தன் மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், 1993இல் நிறுவிய அமைப்பு அது.

சீக்கிரம் மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் முடிவு வந்தது. பின்னர் ஐரோப்பாவில் நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: மருந்தால் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவுவதில்லை. கருவுற்ற தாய் மருந்து எடுக்காவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்; ஒழுங்காக எடுத்துக்கொண்டால் 5 சதவீதத்துக்கும் கீழே.

தனக்காக மாத்திரை எடுக்கத் தயங்குபவர், மனைவிக்காக, பிறக்கப்போகும் பிள்ளைக்காக எடுக்கச் சம்மதிப்பது உண்டு. ‘என்னால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை’ என்ற உறுதி, தொற்றுள்ளவரைப் பல ஆண்டுகளாக அழுத்தும் குற்ற உணர்விலிருந்து விடுவிக்கிறது. எந்த எண்ணிக்கையும் தர முடியாத ஊக்கம் அது.

தயக்கங்களுக்குப் பதில்

நோயாளிகள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. ஒவ்வொன்றுக்கும் நேர்மையான பதில் வேண்டும்.

‘ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாதாமே?’ உண்மைதான். இன்றைய மருந்துகள் வைரஸை அடக்குகின்றன, வேரோடு அகற்றுவதில்லை. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை எடுப்பவர்கள் நம்மிடையே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

‘இப்போதே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டால், முற்றிய பிறகு எது வேலை செய்யும்?’ மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாவது சீக்கிரம் தொடங்குவதால் அல்ல, விட்டுவிட்டு எடுப்பதால். பெருகாத வைரஸால் தன்னை மாற்றிக்கொள்ளவும் முடியாது. இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் மருந்தை எதிர்த்து வைரஸ் தாக்குப்பிடிப்பது மிகக் கடினம்.

‘பக்கவிளைவு?’ ஸ்டாவுடினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லிவிட்டது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளைக்கு ஒரு முறை. சிலருக்குத் தூக்கம் கெடலாம், எடை கூடலாம், சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். இவற்றை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் மருத்துவரைத்தான் நோயாளி நம்புவார்.

‘வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்துவிட்டால்?’ இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. லேபிளைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று பக்கத்து மாவட்டத்துக்குப் போய் மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மறந்திருக்க விரும்பும் ஒன்றை அந்த மாத்திரை தினமும் நினைவூட்டுகிறது என்று வருந்துபவர்களும் உண்டு. இந்தப் பயத்தை உண்டாக்கியது வைரஸ் அல்ல, நாம்.

தொடங்கினால் மட்டும் போதுமா?

மருந்தைக் கொண்டுபோய் ஊரில் வைத்தால் எல்லோரும் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்ற கணக்கு ஓரிடத்தில் பொய்த்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில், வீடு வீடாகப் பரிசோதித்து, தொற்றுள்ள எல்லோருக்கும் சிகிச்சை தர ஒரு பெரிய ஆய்வு முயன்றது. புதிய தொற்றுகள் அங்கே குறையவில்லை. தொற்று உறுதியானவர்களில் பலர் மாதக்கணக்கில் கிளினிக் பக்கமே வராததே முக்கியக் காரணம்.

‘ராபிட்’ என்ற மற்றோர் ஆய்வு ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. பல முறை அலையவிடாமல், முதல் நாளே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் 90 நாட்களுக்குள் 72 சதவீதம் பேர் தொடங்கிய இடத்தில், இந்த முறையில் 97 சதவீதம் பேர் தொடங்கினார்கள். பத்து மாதங்கள் கழித்து வைரஸ் அடங்கியிருந்தவர்கள் 51 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக உயர்ந்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 64இல் சேராதவர்களையும் பார்க்க வேண்டும். முதல் மாத்திரையைக் கையில் கொடுப்பது ஒரு நாள் வேலை. அடுத்த மாத்திரைகளுக்கு அவரை வரவைப்பது பல ஆண்டு உறவு. தொற்றுள்ள ஒருவரே இன்னொருவருக்குத் துணையாக நின்று பேசுவதும், பல மாத மருந்தை ஒரே முறையில் தருவதும், அலைச்சலைக் குறைப்பதும் இதற்கு உதவுகின்றன.

விதிவிலக்கும் உண்டு. மூளை உறையில் காசநோயோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்றோ இருந்தால், முதலில் அதற்குச் சிகிச்சை தந்து, சில வாரங்கள் கழித்தே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்க வேண்டும். அதை மருத்துவர் முடிவு செய்வார். ‘இன்னும் மனம் தயாராகவில்லை’ என்று கேட்பவருக்கும் சில நாட்கள் கொடுப்பதில் தவறில்லை. கட்டாயப்படுத்திக் கொடுத்த மாத்திரை அலமாரியில் கிடக்கும். ஆனால் அந்தச் சில நாட்கள் சில ஆண்டுகளாகிவிடாமல் பார்த்துக்கொள்வது சுகாதாரத் துறையின் பொறுப்பு.

உலகில் இன்று எச்.ஐ.வி.யுடன் வாழும் சுமார் 4 கோடிப் பேரில் 3 கோடிப் பேருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. மீதி 1 கோடிப் பேரில், ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கி ஒழுங்காக மருந்து எடுப்பவர், ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ முடியும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், கூட்டு மருந்து சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்தும் இலவசம். சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், அதற்காக வேலையிலோ படிப்பிலோ சிகிச்சையிலோ ஒதுக்குவதையும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் தடை செய்கிறது. தொற்று இருப்பதாக இன்று தெரிந்தால், உடம்பு கெடும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருந்தைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் அந்த மாத்திரையை எடுப்பது தெரிந்தால், அதை அவர் ஒளித்து வைக்கத் தேவையில்லாதபடி நடந்துகொள்ளுங்கள்.