உர மூட்டையும் உழவர் உரிமையும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் நம் கடற்கரையில் வயல்களைக் காண்பதரிது. எனினும் தமிழக உழவின் போக்கையே மாற்றிய உர மூட்டைகளுள் பல இவ்வட்டாரத்தில்தான் நிரப்பப்பட்டன. 1966-இல் பதிவுபெற்ற மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1971-இல் மணலியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. எண்ணூரில் பாரி நிறுவனம் நடத்திய உர ஆலை இன்று கோரமண்டல் இன்டர்நேஷனல் வசமுள்ளது. கப்பலில் வந்த அம்மோனியா கடலடிக் குழாய் வழியே இவ்வாலையை அடைந்துவந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அக்குழாயில் கசிவு ஏற்பட, பெரியகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளின் மக்கள் மூச்சுத்திணறி வீதிக்கு வந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வேதியுரத்தின் விலையை உழவர் மட்டுமே கொடுப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்விலையை வேண்டாமென ஒதுக்கியவர்களே இயற்கை உழவர்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியை 1969-இல் துறந்த கோ. நம்மாழ்வார், 2013-இல் மறையும்வரை ஊர்தோறும் வலியுறுத்தியது, இடுபொருளுக்காகக் கடையை நம்பியிராதீர் என்பதே. காட்டாக மீன் அமிலத்தைக் கூறலாம். காசிமேட்டில் நாள்தோறும் ஒதுக்கப்படும் மீன்கழிவு போன்றதும், அதற்குச் சம எடை வெல்லமும் மூடிய கலத்தில் ஏறத்தாழ 21 நாள் கிடந்தால் பயிருக்கு ஊட்டம் ஆயத்தம்! இன்றோ அதுவும் புட்டியில் அடைக்கப்பட்டுக் கடைக்கு வந்துவிட்டது. மணலி நிறுவனம் உயிர் உரங்களையும், கோரமண்டல் நகரக் குப்பையாலான மட்கு உரத்தையும் விற்றுவருகின்றன. அவை தீயவை என்பது நம் கருத்தன்று. ஆயின் மூட்டை மாறிற்றேயன்றி, வாங்கும் நிலை மாறவில்லை.

விற்குமிடத்துச் சிக்கல் இன்னும் கடிது. மைய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்றிதழின்றி ஒரு விளைபொருளை 'ஆர்கானிக்' என ஏற்றுமதி செய்தல் இயலாது. அதற்கு ஓராண்டுப் பயிராயின் இரண்டாண்டு, மரப்பயிராயின் மூன்றாண்டு மாறுதற் காலம் உண்டு. அக்காலத்தில் விளைச்சல் குறையலாம், உயர்விலையோ கிட்டாது. கட்டணச் சுமை தாங்காச் சிறு உழவர் குழுவாகச் சேர்ந்தனர். பல குழுக்களின் சான்றிதழ் ஏற்றுமதி நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. வேறொருவர் கூடுதல் விலை தர முன்வரினும், தம் நெல்லைத் தாமே இயற்கை நெல்லெனச் சான்றுடன் விற்க அவர்க்கு வழியில்லை. 2025 ஜனவரியில் வெளியான திருத்த விதிகள் உழவர் குழுக்களுக்கே சட்டத் தகுதி அளித்துள்ளமை வரவேற்கத்தக்கது.

பங்கேற்பு உத்தரவாத முறை என மற்றொரு வழியும் உண்டு. ஐந்து உழவரேனும் கூடி, ஒருவர் வயலை மற்றவர் ஆய்ந்து சான்றளிப்பர். செலவு மிகக் குறைவு. இச்சான்று துறைமுகத்தைக் கடந்து செல்லாதெனினும், திருவொற்றியூர்க் கடைத்தெருவில் விற்கும் அரிசிப் பைக்குப் போதுமானது.