பழைய காருக்கு எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்... இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கிறதா?

துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக அம்பாசிடரில் ஊட்டி போன பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பர்லியார் பக்கம் கார் திணறி நின்றதையும், பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்ததையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்பரேட்டர் கால மாருதி 800 போன்ற கார்களில் பம்ப், இன்ஜினோடு ஒட்டியிருக்கும். இன்ஜின் சுற்றினால்தான் அது ஓடும். மலையேறும்போது சூட்டில் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. இதுதான் ‘வேப்பர் லாக்’.

அதனால், தாத்தா காலத்து காரைப் புதுப்பிப்பவர்கள் டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், வயரிங்கில் கவனம் தேவை.

என்ன ஆபத்து?

பழைய பம்ப், இன்ஜின் நின்றதும் தானாக நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப்பை நேராகச் சாவி சுவிட்சில் இணைத்தால், சாவி ஆனில் இருக்கும்வரை ஓடும். விபத்தில் பெட்ரோல் ஹோஸ் அறுந்து இன்ஜின் நின்றுபோனாலும், பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு சின்னப் பொறி போதும்.

தோட்டத்து மோட்டார் மாதிரிதான்!

பம்ப்செட்டுக்குப் பேர்போன கோவைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறதல்லவா? காரில் அந்த வேலையைச் செய்வது ரிலே.

* ரிலே: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-ம் முனைக்கு, 87-லிருந்து பம்ப்புக்கு. 86-க்கு ஆன் செய்யும் சிக்னல், 85 எர்த்.

* ஃபியூஸ்: பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எத்தனை ஆம்பியர் என்பது பம்ப்புடன் வரும் குறிப்பில் இருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரியதாக மாற்றாதீர்கள், கோளாறைத் தேடுங்கள்.

* ஆயில் பிரஷர் சுவிட்ச்: ரிலேவுக்கான சிக்னல் இதன் வழியாகப் போனால், இன்ஜின் நின்று ஆயில் பிரஷர் இறங்கியதும் பம்ப்பும் நிற்கும். டேஷ்போர்டு விளக்குக்கான சுவிட்ச் இதற்கு உதவாது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் வயரிலிருந்து சிக்னல் எடுத்துக்கொள்ளும் மூன்று முனை சுவிட்ச்சாக வாங்குங்கள்.

* இனர்ஷியா சுவிட்ச்: கார் மோதினால், அந்த அதிர்ச்சியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும்.

இதையும் கவனியுங்கள்

பழைய கார்பரேட்டர்கள் பெரும்பாலானவற்றுக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பைப் பொருத்தினால் பெட்ரோல் வழிந்து வெளியே வரும். ஹோஸ், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமா என்று பாருங்கள். பழைய பம்ப்பைக் கழற்றினால் அந்தத் துளையைத் தகடு வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும்.

வேலையைக் காற்றோட்டமான இடத்தில், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஒரு நிமிட டெஸ்ட்

ஏற்கெனவே எலெக்ட்ரிக் பம்ப் போட்ட கார் வீட்டில் இருக்கிறதா? இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, டேங்க் பக்கம் காது கொடுங்கள். சில நொடிகள் கழித்தும் ‘டிக் டிக்’ என்றோ ‘ங்ங்’ என்றோ சத்தம் நிற்காமல் வந்தால், ஊட்டி ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்கள். முதலில் வயரிங்கைச் சரிசெய்துவிடுங்கள்!