கொடைக்கானல் விண்கல்

1898இல் கொடைக்கானல் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. எடை சுமார் 16 கிலோ. பெயர்தான் கல், பெரும்பகுதி இரும்பும் நிக்கலும். அறுத்த முகத்தில், உலோகத்துக்குள் பயறு பதித்ததுபோல் சிலிக்கேட் துளிகள் தெரியும். சில கண்ணாடித் தன்மை கொண்டவை.

இளங்கோள் உருகும்போது கனமான இரும்பு அடியில் இறங்கும், பாறை மேலே நிற்கும். பூமியின் உலோகக் கரு அப்படி உண்டானதே. இந்த விண்கல்லிலோ இரண்டும் பிரிந்து முடியுமுன் உறைந்துவிட்டன. இத்துளிகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்துக்கு 456 கோடி. பின்னாளில் ஒரு மோதல் இதை மறுபடி உருக்கியிருக்க வேண்டும்.

பூமியின் கருவை இப்படி அறுத்துப் பார்க்க முடியாது: அது தொடங்குவது 2,900 கி.மீ. ஆழத்தில். மனிதர் துளையிட்டு எட்டியது 12 கி.மீ.: ஏறக்குறைய சென்னையில் கபாலீசுவரர் கோயிலிலிருந்து திருவான்மியூர் போய்த் திரும்பும் தூரம்.