மஃபின் உப்பவில்லையா? முதலில் நம் டப்பாவைப் பார்ப்போம்



"உங்க கடை மைதா சரியில்லை அண்ணாச்சி. மஃபின் எழும்பவே இல்லை" என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், மைதா கம்பெனியைக் குறை சொல்லி அனுப்பிவிடுகிறோம். பல நேரம் குற்றம் மைதாவில் இல்லை. நாம் கொடுத்த பேக்கிங் பவுடரில் இருக்கிறது.

சமையல் சோடா, ஒரு புளிப்பு உப்பு, கொஞ்சம் ஸ்டார்ச் மாவு ஆகியவை சேர்ந்ததே பேக்கிங் பவுடர். 1843ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இதைத் தயாரித்தார். ஈரம் பட்டதும் இதிலிருந்து வாயு கிளம்புகிறது. அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. டப்பாவிலேயே ஈரம் ஏறிவிட்டால், அடுப்புக்குப் போகும் முன்பே பவுடரின் வேகம் தீர்ந்துவிடும்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க் கடைகளிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மாவட்டம் முழுவதும் இந்த ஆபத்து உண்டு. பெரிய டப்பாவைத் திறந்து சிறு பொட்டலமாகக் கட்டி வைப்பதே பெரிய தவறு. தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாமல் பாக்கெட் போட்டு விற்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். சிறிய டப்பாக்களாக வாங்கி, பழைய சரக்கை முன்னால் வைத்து விற்பதே நல்லது.

சோதிப்பது எளிது. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் பவுடரைப் போடுங்கள். சடசடவென்று நுரைத்தால் நல்லது. சும்மா கலங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

பேக்கிங் பவுடர் கேட்பவருக்குக் கடைப் பையன் ஆப்ப சோடாவை எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது. சோடா மூன்று நான்கு மடங்கு வேகமானது. தயிர் போன்ற புளிப்பு சேராவிட்டால் சோப்பு வாடை அடிக்கும். இரண்டையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.

கேட்கும் வாடிக்கையாளருக்கு இதையும் சொல்லுங்கள்:

ஒரு கப் மைதாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும். மைதா சேர்த்தபின் அதிகம் அடிக்கக் கூடாது. கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மாவு கெட்டியாக இருக்க வேண்டும். கப்பில் முக்கால் பாகம் ஊற்றி, நன்றாகச் சூடேறிய ஓவனில் முதல் ஐந்து நிமிடம் 220 டிகிரியிலும், பிறகு 180 டிகிரியிலும் வேகவிட வேண்டும். ஓரம் முதலில் கெட்டிப்பட, நடுமாவு மேலே எழும்பிக் கோபுரம் போல் நிற்கும். பாதியில் கதவைத் திறக்கக் கூடாது.

ஒரு டப்பா பேக்கிங் பவுடரில் நமக்குக் கிடைப்பது சில ரூபாய்தான். ஆனால் அது கெட்டுப்போனால், மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை என அந்த வீட்டின் மாதச் சாமான் பட்டியலே அடுத்த கடைக்குப் போய்விடும். இன்றே அந்த டப்பாவை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.